வைக்காத போனும் வாய் திறக்காத ரவுட்டரும்

தஞ்சாவூர்ல ஒரு ரெண்டாவது மாடி வீடு. அந்த வீட்டு ஹால்ல, டிவி ஸ்டாண்டு மேல, ஒரு ரவுட்டர் குடியிருந்துச்சு. அதுக்கு ஒரு சாண் தள்ளி கார்ட்லெஸ் போன் குடியிருந்துச்சு. இவ்வளவு நெருக்கமா இருக்காங்களே, பாசமான்னு கேட்டா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த ஹால்ல வேலை செய்யற ப்ளக் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணுதான்.

ரவுட்டர் ரொம்ப மரியாதையான பிறவி. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி காத்துல காதை வச்சுக் கேக்கும். யாராவது பேசிட்டிருக்காங்களா? பேசிட்டிருந்தா கம்முனு இருக்கும். அவங்க முடிச்சதும், எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, அப்புறம்தான் பேசும். அதோட வம்சமே அப்படி.

போன் அப்படி இல்ல. போனுக்கு வாய் மட்டும்தான்.

காத்துல மொத்தம் பதிமூணு தெரு, மனுசங்க சேனல்ம்பாங்க. ரவுட்டருங்க எல்லாம் ஆளுக்கு ஒரு தெருவுல அடக்கமா இருக்கும். நம்மாளுக்கு ஆறாவது தெரு. நெட் கனெக்சன் குடுக்க வந்தவரு அங்கதான் இறக்கி விட்டுட்டுப் போனாரு, அதுலேருந்து அங்கயேதான் இருக்கு. போன் எந்தத் தெருவுலயும் நிக்காது. ஒரு நொடிக்குள்ள நூறு தடவை, தெருத்தெருவா தாவும், சாமி ஊர்வலம் மாதிரி மேளதாளத்தோட! அது போற வழியில நிக்கறவங்க ஒதுங்கிக்க வேண்டியதுதான்.

இதுல இன்னொரு கூத்து. அதுக்கு கார்ட்லெஸ்னு பேருதான். ஆன்டெனா உடைஞ்சு மூணு வருசம் ஆச்சு. ஸ்டாண்டை விட்டு நாலடி தள்ளிக் கொண்டு போனா லைன் கட்டாயிரும். அதனால வீட்டுக்காரம்மா தையல்நாயகி, டிவி ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு, அங்கயே உக்காந்துதான் பேசுவாங்க. வால்யூம் எப்பவும் ஃபுல்லு.

தினமும் காலைல பதினோரு மணிக்கு அவங்க அக்காகூடப் பேச்சு. அக்கா பேரு கோமளவல்லி, இருக்கறது மன்னார்குடி. பதினொன்னு இருபதுக்கு தையல்நாயகி, "சரிக்கா, வச்சிடறேன்"ம்பாங்க.

இந்த வார்த்தைய ரவுட்டர் அப்படியே நம்பும். அப்பாவி! அதோட ஊர்ல "வச்சிடறேன்"னா வைக்கறதுன்னு அர்த்தம். உடனே உள்ரூம்ல இருக்கற லேப்டாப்பைக் கூப்பிட்டு, "தம்பி, ஓடியா ஓடியா, வழி காலி!"ன்னு குரல் குடுக்கும். லேப்டாப் மூட்டைமூட்டையா தூக்கிட்டு ஓடிவரும். அந்த நேரம் பாத்து இந்தப் பக்கம், "ஆங்... அக்கா, சொல்ல மறந்தே போயிட்டேன் பாரு." அவ்வளவுதான். மேளதாளம் திரும்ப ஆரம்பிச்சுரும். மூட்டையெல்லாம் நடுத்தெருவுல அவுந்து கொட்டி, தக்காளி மாதிரி உருளும்.

ஒரு தடவை பேசினா பதினோரு "வச்சிடறேன்". பதினோரு தடவையும் ரவுட்டர் நம்புச்சு.

ஒரு திங்கக்கிழமை லேப்டாப் பரபரன்னு வந்துச்சு.

"அண்ணே, வியாழக்கிழமை காலைல பதினோரு மணி. மறந்துராத."

"என்ன விசேஷம் தம்பி?"

"நம்ம அருந்ததிக்கு இன்டர்வியூ. வீடியோல. இது ஏழாவது."

அருந்ததி தையல்நாயகியோட பொண்ணு. படிச்சு முடிச்சு வீட்டுலதான் இருந்தா. ரவுட்டர் மேல அவளுக்குத் தனிப் பிரியம். நெட் தடுமாறினா தலைல தட்டமாட்டா. தூசியத் தொடச்சுவிட்டு, "ஓடு ராசா, ஓடு"ம்பா. அந்த ஒரு சொல்லுக்காக ரவுட்டர் தஞ்சாவூர்லேருந்து கடல் தாண்டியும் ஓடும்.

"மத்த ஆறு என்னாச்சு?"ன்னு கேட்டுச்சு ரவுட்டர்.

"ஆறும் ஊத்திக்கிச்சு. இதுவும் போச்சுன்னா மன்னார்குடில பெரியப்பாவோட உரக்கடைல போய் உக்காந்துருவாளாம். நேத்துதான் என்கிட்ட டைப் பண்ணா. டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணா."

"என்ன வேலையாம்?"

"யாரு வீட்டுலயாவது நெட் நின்னுச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணிக் குடுக்கற வேலை."

ரவுட்டருக்கு உடம்பெல்லாம் லைட்டு எரிஞ்சுச்சு. நம்ம பொண்ணு, நம்ம தொழில்ல! அடுத்த நொடியே பச்சை லைட்டு அணைஞ்சுச்சு.

"பதினோரு மணின்னா சொன்ன?"

"பதினோரு மணி."

"அது அந்தம்மா பேசற நேரமாச்சே. அருந்ததி அவங்கம்மாகிட்ட சொல்லிட்டாளா?"

"எங்க சொல்றது? அம்மாகிட்ட சொன்னா பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா மன்னார்குடிக்கே தெரியும். வேலை கிடைக்கலைன்னா ஊரே திரண்டு வந்து துக்கம் விசாரிக்கும். கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு இருக்கா."

ரவுட்டர் யோசிச்சுச்சு. பக்கத்துல ஒரு சாண் தூரத்துல இருக்கற ஆளு, நேராவே கேட்டுட்டா என்ன? போன் சும்மா இருக்கற நேரமாப் பாத்து மெதுவா ஆரம்பிச்சுச்சு.

"போனக்கா, ஒரு சின்ன வேண்டுகோள்."

"ஹலோ?"

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும்..."

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

"எனக்குக் கேக்குது. உங்களுக்குத்தான்..."

"கேக்கல, சத்தமா பேசுங்க. ஹலோ?"

"வியாழக்கிழமை!"

"ராங் நம்பரு."

சரி, மேலிடத்துக்குப் போயிற வேண்டியதுதான்னு முடிவு பண்ணுச்சு ரவுட்டர்.

அந்த வீட்டுல மேலிடம்னா மைக்ரோவேவ். சாமான்களுக்கெல்லாம் பெரிய அதிகாரி, ஏன்னா நெத்தில கடிகாரம் வச்சிருக்கறது அவரு ஒருத்தருதான். திங்கக்கிழமை தோறும் சமையக்கட்டுல குறைதீர் கூட்டம் நடத்துவாரு. அவரை "அவன்"னு கூப்பிட்டா பொசுக்குன்னு கோவம் வந்துரும். "யாரைப் பாத்து அவன்ங்கற?" அதனால எல்லாரும் மரியாதையா மைக்ரோவேவ் அவர்னுதான் கூப்பிடுவாங்க.

ரவுட்டர் மனுவை எழுதி எடுத்துட்டுப் போச்சு. "மாண்புமிகு மைக்ரோவேவ் அவர் அவர்களுக்கு, ஹால், டிவி ஸ்டாண்டு, ஆறாவது தெருவில் வசிக்கும் ரவுட்டர் பணிவுடன் எழுதிக்கொண்டது..."

"வாசி"ன்னாரு அவர்.

ரவுட்டர் வாசிக்க ஆரம்பிச்ச நேரம், தையல்நாயகி நேத்து வச்ச சாம்பாரை அவர் வயித்துக்குள்ள வச்சு பட்டனை அமுக்கிட்டாங்க.

"ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்!"

அடேங்கப்பா! போன் போட்டதெல்லாம் ஒரு சத்தமா? பதிமூணு தெருவும் ஒரே நேரத்துல முழுகிப் போச்சு. ரவுட்டருக்குத் தன்னோட மனுவே காதுல விழல. உதடு அசைஞ்சுச்சு, அவ்வளவுதான். முழுசா ரெண்டு நிமிசம். அப்புறம், டிங்!

"விசாரிச்சாச்சு"ன்னாரு அவர், ஆவி பறக்க. "காத்துல யாரோ சத்தம் போடறதா புகார். நானும் ரெண்டு நிமிசமா உன்னிப்பா கவனிச்சேன். என் காதுக்கு எந்த சத்தமும் வரல."

"ஐயா, அந்த ரெண்டு நிமிசமும் நீங்கதான்..."

"என்னது?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா. தீர்ப்பு?"

"ரெண்டு பேரும் குரலைக் கூட்டிக்கங்க. யாரு குரல் கேக்குதோ அவங்க பக்கம் நியாயம். அடுத்த மனு!"

மிக்சி கைதட்டுச்சு. மிக்சி எல்லாத் தீர்ப்புக்கும் கைதட்டும்.

செவ்வாய்க்கிழமை ரவுட்டர் தம் கட்டி, முழு பலத்தோட கத்துச்சு. என்னாச்சு? தையல்நாயகி, "அக்கா, கொர்ருங்குது, சத்தமா பேசு"ன்னாங்க. கோமளவல்லி சத்தமா பேசினாங்க. அது கேக்கணும்னு தையல்நாயகி இன்னும் சத்தமா பேசினாங்க. அன்னைக்கு அவங்க பேசினது போன் இல்லாமலே மன்னார்குடிக்குக் கேட்டிருக்கும். ரவுட்டர் கத்தினது மாடிப்படி தாண்டி எதிர் வீட்டுக்குப் போச்சு. எதிர் வீட்டு ரவுட்டர் எட்டிப் பாத்து, "யோவ் ஆறாந்தெரு, எங்க வீட்டுலயும் ஆளு இருக்காங்கய்யா"ன்னு ஏசிட்டுப் போச்சு.

புதன்கிழமை அருந்ததியே களத்துல இறங்கினா. லேப்டாப்பை மடில வச்சுக்கிட்டு ரவுட்டரோட செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்தவ, ஒரு இடத்துல நின்னா.

"ராசா, உனக்கு மாடி இருக்கா! சொல்லவே இல்ல?"

ஆமா, இருந்துச்சு. ரவுட்டருக்கு அஞ்சு கிகாஹெர்ட்ஸ்னு ஒரு மேல்மாடி. பிறந்ததுலேருந்து பூட்டியே கிடந்துச்சு. அங்க ஈ காக்கா கிடையாது, அகல அகலமா ரோடு. போன் எவ்வளவு தாவினாலும் எட்டாத உயரம். ஒரே ஒரு குறை என்னன்னா, மாடிலேருந்து பேசினா குரல் சுவரைத் தாண்டாது. ஒரு சுவர்னா முனகல் மாதிரி கேக்கும். ரெண்டு சுவர்னா அதுவும் இல்ல.

அருந்ததி மாடிக்கு டிக் அடிச்சு, சேமின்னு அமுக்கினா.

ரவுட்டருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான் எதுக்குப் போகணும்? ஒழுங்கா காத்திருந்து பேசறவன் நான். தெருவுல கூத்தடிக்கறவங்க ஜம்முனு இருப்பாங்க, காத்திருக்கறவன் வீட்டைக் காலி பண்ணணுமா?"

"சேமிக்க முடியவில்லை"ன்னு காட்டுச்சு.

அவ திரும்ப அமுக்கினா. சேமிக்க முடியவில்லை. இன்னொரு தடவை. சேமிக்க முடியவில்லை.

"இப்படிப் பண்றியே ராசா"ன்னு சொல்லிட்டு அவ எந்திரிச்சுப் போயிட்டா.

லேப்டாப்புக்குத் தாங்கல. "ஏண்ணே, அவளுக்காகவாவது போயிருக்கலாம்ல?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கு தம்பி."

"இருக்கும்ணே. அதை வச்சு உரக்கடைல யூரியா மூட்டைக்கு முட்டுக் குடுக்கலாம்."

 அன்னைக்கு முழுக்க ரவுட்டரோட லைட்டு ஒரு மாதிரியாவே எரிஞ்சுச்சு.

வியாழக்கிழமை வந்துச்சு. அருந்ததி இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டா. கீழ பழைய நைட் பேன்ட்டு, வீடியோல தெரியவா போகுது? உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ரெண்டு சுவர்.

பத்தே முக்காலுக்கெல்லாம் தையல்நாயகி பிளாஸ்டிக் நாற்காலில வந்து உக்காந்து போனை எடுத்துட்டாங்க. தினமும் பதினோரு மணி, இன்னைக்கு பத்தே முக்கால்!

பதினோரு மணியாக ரெண்டு நிமிசம். காத்துல காதை வச்சுக்கிட்டே இருந்த ரவுட்டருக்கு அந்த அமுத வார்த்தை கேட்டுச்சு.

"சரிக்கா, வச்சிடறேன்."

"தம்பி! ஓடியா! வழி காலி!"

லேப்டாப் ஓடி வந்துச்சு. பெங்களூர்லேருந்து சத்தியசீலன்னு ஒருத்தர் திரைல வந்தாரு. அவருதான் ஆள் எடுக்கறவரு. கண்ணாடி போட்ட, நிதானமான ஆளு. தமிழ்லயே பேசலாம்னு சொன்னாரு. அருந்ததிக்கு பாதி பயம் போச்சு.

"உங்களைப் பத்தி சொல்லுங்க."

"வணக்கம் சார், என் பேரு அருந்..."

மேளதாளம்! பதிமூணு தெருவுலயும்! மூட்டையெல்லாம் அவுந்து உருண்டுச்சு. திரைல அருந்ததி ஒரு கண்ணை மூடி, வாயை அரைவாசி திறந்து, தும்மப் போற ஆளு மாதிரி அப்படியே நின்னுட்டா. அந்த நெரிசல்ல எப்படியோ ஒரு துண்டுச்சீட்டு மட்டும் நசுங்கி நசுங்கி வந்து சேந்துச்சு. சத்தியசீலன் எழுதி அனுப்பியிருந்தாரு: "நீங்க சேரப் போற வேலையே இதுதான். அஞ்சு நிமிசம் தர்றேன். சரி பண்ணிட்டு வாங்க. அதுதான் முதல் கேள்வி."

ரவுட்டர் அதைப் பாத்துச்சு. அப்புறம் அது வம்சத்துலயே யாரும் பண்ணாத காரியம் ஒண்ணு பண்ணுச்சு. ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே நடுவுல புகுந்து கத்துச்சு.

"நிறுத்துக்கா! ஒரு பொண்ணோட பொழப்பு போகுது!"

போன் திடுக்குன்னு ஒரு நிமிசம் தடுமாறுச்சு. "யாரது, பக்கத்து வீட்டுப் பொட்டியா?"

"ஒரு சாண் தள்ளி இருக்கேன்கா! நாலு வருசமா!"

"அப்படியா? சரி சரி, கத்தாதப்பா. நானே அந்தப் பொண்ணுக்காகத்தான் மூச்சு விடாம நிக்கறேன்."

"யாருக்காக?"

"அருந்ததிக்காக. ஏம்ப்பா, எந்நேரமும் காத்துல காதை வச்சுக்கிட்டே இருக்கியே, யாராவது பேசறாங்களான்னுதானே கேட்ட? என்ன பேசறாங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

ரவுட்டர் வாயை மூடுச்சு. முதல் தடவையா கேட்டுச்சு.

"...அக்கா, வாய் தவறி வச்சிடறேன்னு சொல்லிட்டேன். பழக்கதோஷம். நீ பாட்டுக்கு வச்சிடாத."

"வைக்கலடி. ஆனா பேசறதுக்கு என்ன இருக்கு? காலண்டர்ல முகூர்த்த நாள் பூரா படிச்சாச்சு. இப்ப சோப்புத்தூள் பாக்கெட்டு கைல இருக்கு. படிக்கட்டுமா?"

"படி."

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்."

"ம்."

"குழந்தைகளுக்கு எட்டாத... ஏண்டி தையலு, இந்தக் கஷ்டத்துக்கு அந்த வயரைப் பிடுங்கி விட்டுட்டா என்ன?"

"ஐயோ, பிடுங்கினா வினையே வேண்டாம்! அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கலைன்னு என் நாத்தனாரு பதறிப்போய் ஆட்டோ பிடிச்சு நேரா வந்து நிப்பா. எங்கேஜ்டுன்னு வந்தாத்தான், சரி, அக்காகூடப் பேசிட்டிருக்கான்னு ஊரே கம்முனு விட்டுரும். போன தடவை புள்ள இப்படித்தான் கதவைச் சாத்திக்கிட்டு பேசிட்டிருந்தா, நடுவுல இது கிணிகிணின்னு அடிச்சுருச்சுக்கா. அன்னைக்கு முழுக்க அவ சாப்பிடல."

"இன்னைக்கு இன்டர்வியூன்னு அவளா சொன்னாளா?"

"எங்க சொன்னா? மேல மட்டும் இஸ்திரி போட்டுட்டு கீழ நைட் பேன்ட்டோட போறா. பெத்தவளுக்குத் தெரியாதா? பதினொன்றரை வரைக்கும் இந்த லைனை விடமாட்டேன். எந்தப் பய பெல் அடிக்கறான்னு பாத்துடறேன்."

ரவுட்டரோட எல்லா லைட்டும் ஒண்ணா அணைஞ்சு, ஒண்ணா எரிஞ்சுச்சு.

"போனக்கா... நீ காவல் காக்கறதாலதான் அவளால பேசவே முடியல."

"நான் காவலை விட்டா பெல் அடிக்கும்."

"அடிக்கும்."

"அப்ப நான் என்னப்பா பண்றது? அந்தம்மா கைல இருக்கேன். விட மாட்டாங்க."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்கா"ன்னு சொல்லுச்சு ரவுட்டர். "நீ இரு. நான் மாடிக்குப் போறேன்."

அதுக்குள்ள கதவு படார்னு திறந்துச்சு. அருந்ததி லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடி வந்தா.

"அம்மா! போனை வைம்மா!"

"வைக்க மாட்டேன்!"

"நெட்டு நிக்குதும்மா, எனக்கு ஒரு... ஒரு முக்கியமான வேலை இருக்கு."

"இன்டர்வியூதானே?"

ஃபுல் வால்யூம்ல மன்னார்குடி பேசுச்சு.

"பயப்படாத கண்ணு, நான் யாருகிட்டயும் மூச்சு விடல. உங்க பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் கடைக்கு வந்தவங்க ஒரு ரெண்டு பேரு."

"உனக்காகத்தான்டி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்"ன்னாங்க தையல்நாயகி. "வச்சா பெல் அடிக்கும், போன தடவை மாதிரி."

அருந்ததி அம்மா கைல இருந்த போனைப் பாத்தா. பக்கத்துலயே ஒரு சாண் தள்ளி இருந்த ரவுட்டரைப் பாத்தா. திரும்பப் போனைப் பாத்தா. அவ மூஞ்சில ஒவ்வொண்ணா லைட்டு எரிஞ்சுச்சு. இன்னும் மூணு நிமிசம்தான் இருந்துச்சு.

சட்டுன்னு தரைல சம்மணம் போட்டு, டிவி ஸ்டாண்டை ஒட்டியே உக்காந்துட்டா. செட்டிங்ஸ். மாடி. டிக். சேமி.

"போலாமா ராசா?"

ரவுட்டர் ஏறுச்சு. தூசி அடைஞ்ச கதவைத் தள்ளிப் பாத்தா, அப்பா! எவ்வளவு பெரிய வெட்டவெளி! ஒரு ஆள் இல்ல, ஒரு சத்தம் இல்ல. பழக்கத்துல காதை வச்சுக் கேட்டுச்சு. காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. கீழ, ரொம்பக் கீழ, பதிமூணு தெருவுலயும் போன் தாவிக்கிட்டு இருந்துச்சு, விழாக் கோலமா.

"சேமிக்கப்பட்டது."

காத்துல இருந்த தகராறு தீந்துச்சு. இப்ப ஹால்லதான் தகராறு. சுவரைத் தாண்டி உள்ரூமுக்குப் போனா மாடிக் குரல் வராது, அருந்ததி நகர முடியாது. நாலடி தள்ளினா போன் கட்டாயிரும், அம்மாவாலயும் நகர முடியாது. ரெண்டு பேரும் முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இந்தப் பக்கம் சோப்புத்தூள், அந்தப் பக்கம் பெங்களூரு.

"அக்கா, இனிமே நாம பேசக்கூடாது"ன்னாங்க தையல்நாயகி, குசுகுசுன்னு.

"பேசலைன்னா லைன் இருக்கா கட்டாச்சான்னு எப்படிடி தெரியும்?"

தையல்நாயகி யோசிச்சாங்க. வளையலால போனை ஒரு தட்டு தட்டினாங்க. டொக்.

அந்தப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. டொக்.

மாடில ரவுட்டர் சிலிர்த்துப் போச்சு. இருக்கியா? இருக்கேன். இது அதோட தாய்மொழி! தினமும் ஆயிரம் தடவை லேப்டாப்கிட்ட அது கேக்கறது இதைத்தான்.

"தம்பி, பாத்தியா, அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியுது!"

"நீ முதல்ல வேலையப் பாருண்ணே"ன்னுச்சு லேப்டாப், மூட்டையத் தூக்கிக்கிட்டே.

சத்தியசீலன் திரும்ப வந்தாரு, பளிச்சுன்னு, ஒரு தடங்கல் இல்லாம. கேள்வி மேல கேள்வி கேட்டாரு. அருந்ததி பதில் சொல்லச் சொல்ல, ரவுட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு கையாலயும் ஏந்திக் கொண்டு போய்க் குடுத்துச்சு. நடுநடுவுல டொக். டொக். வாழ்நாள்ல ஒரு நிமிசம் சேந்தாப்ல சும்மா இருந்து பழக்கமில்லாத அக்காவும் தங்கச்சியும், அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசாம லைனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

சத்தியசீலன் காதைத் தீட்டிக்கிட்டாரு. "அது என்னங்க, டொக் டொக்னு?"

"லைன் உயிரோட இருக்கான்னு பாத்துக்கறாங்க சார்."

"ம். சரி, முதல் கேள்விக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலையே. நெட் எதனால நின்னுச்சு?"

அருந்ததி திரும்பிப் பாத்தா. பக்கத்துல அம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, போனைக் கோழிக்குஞ்சு மாதிரி ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"கார்ட்லெஸ் போனும் ரவுட்டரும் ஒரே அலைவரிசைல, ஒரே இடத்துல இருந்துச்சு சார். அதை மாத்திட்டேன்"னா. அப்புறம், "ஆனா ரெண்டுமே எனக்காகத்தான் சார் பாடுபட்டுச்சு. அதுங்களுக்குள்ள சொல்லிக்கல. நானும் சொல்லல."

சத்தியசீலன் பேனாவை மூடி வச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"நல்லதுங்க. எங்ககிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?"

அருந்ததி இல்லைன்னு தலையாட்டினா. ஆனா அரைமணி நேரமா அடைச்சு வச்ச அணை ஒண்ணு மன்னார்குடில உடைஞ்சுச்சு, ஃபுல் வால்யூம்ல.

"தீபாவளிக்கு லீவு உண்டான்னு கேளுடி!"

தையல்நாயகி உள்ளங்கையால போனைப் பொத்தினாங்க. பொத்தறதுக்குள்ள வார்த்தை வெளிய வந்துருச்சு. வந்த வார்த்தை லேப்டாப் காதுல விழுந்துச்சு. லேப்டாப் அதை மூட்டை கட்டி, மாடிப்படி ஏறி, ரவுட்டர் முன்னாடி வச்சுட்டு நின்னுச்சு.

"அண்ணே, இது போனோட பேச்சு. இதையும் கொண்டு போகணுமா? வழில தவறவிட்டுட்டா யாருக்கும் தெரியாது."

ரவுட்டர் மூட்டையப் பிரிச்சு, அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிச்சுச்சு. அப்புறம் ஒரு எழுத்துகூடச் சிந்தாம எடுத்துக்கிட்டு பெங்களூருக்கு ஓடுச்சு. பதில் வர்ற வரைக்கும் அங்கயே நின்னு, வாங்கிட்டு வந்து ஹால்ல வச்சுச்சு.

"உண்டுங்கம்மா, ரெண்டு நாள். பொண்ணை ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லுங்க."